இருபத்திரண்டில் ஒன்று

சிங்கப்பூரில் எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. என் தம்பியைத் திட்ட வேண்டும். அதற்காகக் காலாண்டுத் தேர்வு விடுமுறையில் ஆறு நாட்களை ஒதுக்கி அறந்தாங்கியிலிருந்து கிளம்பினேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் திருச்சி வரைக்கும் பேருந்தில் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பத்தொன்பது வருடமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். திட்டுவதில் எனக்குப் பயிற்சி உண்டு.

தம்பி குமரேசனுக்கு நாற்பத்தொரு வயது. எட்டு வருடமாக அங்கே இருக்கிறான். தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஏசி பராமரிப்புக்கு அவன்தான் மேற்பார்வையாளன். ஊரில் அவன் கட்டிக்கொண்டிருந்த வீடு சுவர் எழும்பியதோடு நின்றுபோயிருந்தது. தளம் போடச் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதையும் சூதாட்டக் கூடத்தில் விட்டுவிட்டான். அவனுடைய அறைக்கூட்டாளி தன் மனைவியிடம் சொல்ல, அவள் வழியாக விஷயம் குமரேசனின் மனைவி மாலதிக்கு வந்து சேர்ந்தது.

மாலதி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. "மாமா, ஃபோன்ல கேட்டா பாப்பா என்ன படிக்கிறான்னு பேச்ச மாத்திடுறாரு. ரெண்டு வருஷமா ஊருக்கும் வரல. நீங்க ஒரு தடவ நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள். காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

விமான நிலையத்தில் குமரேசன் காத்திருந்தான். மெலிந்திருந்தான். என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "பிள்ளைங்க எல்லாம் பாஸாயிருவாங்களாண்ணே?" என்று என் மாணவர்களை விசாரித்தான். எந்த நேரத்தில் திட்ட ஆரம்பிப்பது என்று தெரியாமல் நானும் தேர்ச்சி விகிதம் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன்.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைக்கு மேலே, நான்கு பேர் தங்கும் அறை அவனுடையது. எனக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு சின்ன விடுதி. தீபாவளி விளக்குத் தோரணங்களைச் சாலைக்குக் குறுக்கே கட்டியிருந்தார்கள். பூக்கடை, நகைக்கடை, ஜவுளிக்கடை எல்லாம் நம்மூர் பஜாரைப் போலத்தான் இருந்தன. ஆனால் சாலையைக் கடக்க எல்லோரும் விளக்கு மாறும்வரை நின்றார்கள். நான் பழக்கதோஷத்தில் கையைக் காட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். ஒரு பேருந்து எனக்காக நின்றது. ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் என்றால் என் பரம்பரையையே விசாரித்திருப்பார்.

அன்று மாலை தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போனோம். "மூணு கோசோங், ஒண்ணு முட்டை, ரெண்டு தே தாரேக்" என்று குமரேசன் சொல்ல, கோசோங் என்றால் உள்ளே எதுவும் வைக்காத வெறும் பரோட்டா, தே தாரேக் என்றால் நுரைக்க ஆற்றிய பால் டீ என்று புரிந்துகொண்டேன். நம்மூர்ப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு அது மூழ்கும் அளவுக்குச் சால்னா ஊற்றுவோம். இங்கே அது மொறுமொறுவென்று தனியாக இருக்கிறது, மீன்குழம்பு சின்னக் கிண்ணத்தில் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து மேசைக்காரர் பரோட்டாவைச் சீனியில் தொட்டுச் சாப்பிட்டார். நான் பார்ப்பதைக் கண்டு, "சாப்பிட்டுப் பாருங்க லா, தப்பில்ல" என்றார். சாப்பிட்டுப் பார்த்தேன். தப்பில்லைதான்.

"திட்ட வந்திருக்கீங்கன்னு தெரியும்ணே" என்றான் குமரேசன், தட்டைப் பார்த்துக்கொண்டு. "சாப்பிட்டு முடிச்சிட்டுத் திட்டுங்க."

இப்படி ஒருவன் சொல்லிவிட்டால் எப்படித் திட்டுவது. அவனே சொன்னான். பதினான்கு மாதம் போக்கர் ஆடினான். முதலில் மாதம் ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை, பிறகு வேலை முடிந்ததும் நேராக. நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், தன்னை உள்ளே விடக்கூடாது என்று தானே விண்ணப்பித்துவிட்டான். அங்கே அப்படி ஒரு வசதி இருக்கிறதாம். பெயரைக் கொடுத்துவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

"படிச்சவன்தானேடா நீ" என்றேன். ஒத்திகை பார்த்தவற்றில் இது ஒன்றுதான் வாயில் வந்தது.

"உங்களுக்குப் புரியாதுண்ணே. நீங்க சீட்டக் கணக்குப் புத்தகத்துல மட்டும் பாத்தவரு."

அது உண்மை. நன்கு கலைக்கப்பட்ட ஐம்பத்திரண்டு சீட்டுகளிலிருந்து ஒன்றை எடுத்தால் அது ராஜாவாக இருக்க நிகழ்தகவு என்ன என்று ஆயிரம் முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆசிரியர் ஓய்வறையில் யாராவது கைப்பேசியில் போக்கர் ஆட்டம் பார்த்தால் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்ததுண்டு. பந்தயம் வைத்து ஒரு சீட்டைத் தொட்டதில்லை.

மறுநாள் அவனுக்கு அரைநாள் வேலை. மத்தியானம் என்னை ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப் போனான். கடலோரமாக நடந்தோம். வானம் சட்டென்று கொட்டியது. ஆனால் நனையவில்லை, நடைபாதைக்கே கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். வேகமாக நடந்து ஓர் இடத்தைக் கடந்தபோது அவன் மட்டும் வலதுபக்கம் திரும்பவே இல்லை. தண்ணீருக்கு அந்தப் பக்கம்தான் அந்தக் கூடம் இருந்தது. கூட வரும் ஒருவன் ஒரு கட்டடத்தைப் பார்க்காமல் இருக்க இவ்வளவு பாடுபடுவதை நான் கண்டதில்லை. அது என்னதான் என்று பார்க்க வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்தேன். அவனிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவன் வேலைக்குப் போனதும் கிளம்பினேன். லிட்டில் இந்தியா நிலையத்துக்குப் படியிறங்கி, சரியான தண்டவாளத்தில், தவறான திசையில் போகும் ரயிலில் ஏறினேன். பொட்டானிக் கார்டன்ஸ் என்று அறிவிப்பு வந்தபோதுதான் தெரிந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த மலாய் அம்மாவிடம் போகவேண்டிய நிலையத்தின் பெயரைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னது, தமிழில் சொன்னால், "எதிர்ப்பக்க ரயில். ஆனா அவசரப்படாதீங்க, அது எங்கேயும் ஓடிப் போகாது" என்பது. நான் எங்கே போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது.

வாசலில் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். வெளிநாட்டுக்காரனுக்குக் கட்டணம் இல்லை. உள்ளூர்க்காரர்கள் பணம் கட்டித்தான் நுழைய வேண்டும். எனக்கு முன்னால் போன ஒரு வயதான சீனத் தம்பதி ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். கட்டிய காசுக்காவது கொஞ்ச நேரம் ஆட வேண்டும் என்றார் கணவர். போனமுறையும் இதையேதான் சொன்னீர்கள் என்றார் மனைவி.

உள்ளே ஜன்னல் இல்லை. குளிரில் தேர்வு அறையைப் போல அமைதி இருக்கும் என்று ஏனோ நினைத்திருந்தேன். கல்யாண மண்டபத்தின் இரைச்சல்தான் இருந்தது. போக்கர் மேசைகள் ஒரு தடுப்புக்கு அப்பால் இருந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் வேடிக்கை பார்த்தேன். ஆட்டம் எளிமையானது. ஆளுக்கு இரண்டு சீட்டு, யாருக்கும் தெரியாமல். மேசை நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்கள். முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு கடைசியாக ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், சீட்டை எறிந்துவிட்டு ஒதுங்கலாம். கடைசிவரை நிற்பவர்களில் யாருடைய சேர்க்கை பெரிதோ அவருக்கு எல்லாம்.

வேடிக்கைதான் பார்க்க வந்தேன். ஓர் இருக்கை காலியாயிற்று. "உட்காருகிறீர்களா" என்று ஒரு பணியாளர் கேட்டார். என் மனைவி சாமான் வாங்கக் கொடுத்த இருநூறு சிங்கப்பூர் வெள்ளி சட்டைப் பையில் இருந்தது. பணத்துக்குப் பந்தய வில்லைகளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

என் இடதுபக்கம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார், கையில் கறுப்புக் கடிகாரம். "இந்தியாவா?" என்று தமிழில் கேட்டார். பெயர் விஜயா, அங்கேயே பிறந்தவர், வாடகைக் கார் ஓட்டுகிறார். வலதுபக்கம் ஓர் ஆஸ்திரேலியர், எந்தச் சீட்டு வந்தாலும் ஒதுங்காதவர். எதிரே காதில் ஒலிப்பான் மாட்டிய மூன்று பேர்.

முதல் இருபது நிமிடம் சீட்டை எறிந்துகொண்டே இருந்தேன். பிறகு ஒரு தவறு செய்தேன். எதிரே இருந்தவர் கட்டிய தொகைக்குச் சமமாக வைப்பதாக நினைத்துக்கொண்டு, வில்லைகளின் மதிப்பைச் சரியாகப் பார்க்காமல் ஒரு அடுக்கைத் தள்ளிவிட்டேன். சீட்டுப் போடும் பெண், நான் பந்தயத்தை மூன்று மடங்கு ஏற்றிவிட்டதாக அறிவித்தார். திரும்ப எடுக்க முடியாது. என் கையில் இருந்தது ஒரு நான்கு, ஒரு ஒன்பது. இரண்டுக்கும் மேசையில் இருந்த எதோடும் உறவில்லை. ஆனால் புதிதாக வந்தவன், இதுவரை வாயைத் திறக்காதவன், திடீரென்று ஏற்றுகிறான் என்றால் பெரிதாக எதையோ வைத்திருக்கிறான் என்று எல்லோரும் முடிவு செய்து ஒதுங்கிவிட்டார்கள். வில்லைகள் என் பக்கம் வந்தன.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு முறை எனக்கு ஏஸ் ஜோடி வந்தது. அதைவிடப் பெரிய ஜோடி இல்லை. இருநூற்று இருபத்தொரு முறைக்கு ஒருமுறை வர வேண்டியது. இரண்டு முறையும் ஆஸ்திரேலியர் ஒதுங்காமல் கடைசிவரை வந்து கொடுத்துவிட்டுப் போனார். இதெல்லாம் அதிர்ஷ்டம் என்று கணக்கு வாத்தியாரான எனக்குத் தெரியாதா. தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான் உணர்ந்தது அது அல்ல. என் மூளை வேகமாக வேலை செய்வதாக உணர்ந்தேன். மற்றவர்களின் கண்களைப் படிக்க முடிவதாக உணர்ந்தேன். முதுகு நிமிர்ந்துவிட்டது. வில்லைகளை எடுத்து அடுக்கும்போது விரல்களில் ஒரு நளினம்கூட வந்திருந்தது.

அப்போது எனக்கு ஜாக்கி ஜோடி வந்தது. ஸ்பேட் ஒன்று, ஆர்ட்டின் ஒன்று. விஜயா ஏற்றினார். நான் சமமாக வைத்தேன். மற்றவர்கள் ஒதுங்கினார்கள். மூன்று சீட்டுகள் திறந்தன. ஒன்பது, ஐந்து, இரண்டு. விஜயா கட்டினார், நானும் வைத்தேன். நான்காவது, ஏழு. விஜயா ஒரு கணம் தன் வில்லைகளைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார்.

யோசிக்க வேண்டிய இடம் அதுதான். நான் யோசிக்கவில்லை. மிரட்டுகிறார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது மட்டும்தான், காரணம் எதுவும் இல்லை. "சரி" என்றேன்.

அவர் சீட்டைத் திருப்பினார். இரண்டு ராஜா.

பந்தயம் முடிந்துவிட்டதால் நானும் என் சீட்டைத் திருப்பினேன். இன்னும் ஒரே ஒரு பொதுச் சீட்டுத்தான் பாக்கி. கண்ணுக்குத் தெரிபவை எட்டு, தெரியாதவை நாற்பத்து நான்கு. அவற்றில் எனக்கு உதவக்கூடியவை இரண்டே ஜாக்கிகள். நாற்பத்து நான்கில் இரண்டு, அதாவது இருபத்திரண்டில் ஒன்று. என் வகுப்பில் எந்தப் பையனும் மனக்கணக்காகவே சொல்லிவிடுவான்.

கிளாவர் ஜாக்கி வந்தது.

எதிரே இருந்த ஒருவர் ஒலிப்பானைக் கழற்றிவிட்டு மேசையைப் பார்த்தார். ஆஸ்திரேலியர் என் தோளில் தட்டினார். விஜயா விரல் முட்டியால் மேசையை இரண்டு முறை தட்டினார். "பரவால்ல லா. நல்லா ஆடுங்க" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். நான் வில்லைகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இன்னும் எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருப்பேனோ தெரியாது. கைப்பேசி அதிர்ந்தது. குமரேசன். மேசையில் பேசக்கூடாது, எழுந்து வெளியே வந்தேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது, விடுதி வாசலில் நிற்கிறேன், எங்கே இருக்கிறீர்கள் என்றான். "இதோ வந்துட்டேன்" என்றேன். வில்லைகளை மாற்றிப் பணமாக வாங்கினேன். இருநூறு, ஆயிரத்து நானூறு ஆகியிருந்தது.

வெளியே வந்து எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கார் நிறுத்துமிடத்துக்குள் நுழைந்துவிட்டேன். அங்கே விஜயா தன் காரில் சாய்ந்து நின்று ஒரு பொட்டலத்திலிருந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒளிந்துகொள்ள நேரமில்லை.

"தேக்காவா? ஏறுங்க, நான் அந்தப் பக்கம்தான் போறேன்" என்றார்.

கார் கிளம்பியதும் என்ன வேலை என்று கேட்டார். கணக்கு வாத்தியார் என்றேன். சிரித்துவிட்டார்.

"அப்ப உங்களுக்கே தெரியும். அந்த ஜாக்கிக்கு சான்ஸ் எவ்வளவு?"

"இருபத்திரண்டுல ஒண்ணு."

"நான் எல்லாத்தையும் தள்ளினப்ப என்ன நெனச்சு சரின்னீங்க?"

"சும்மா மிரட்டுறீங்கன்னு நெனச்சேன்."

"ரெண்டு மணி நேரமா பக்கத்துல உக்காந்திருந்தேனே. ஒரு தடவையாவது நான் மிரட்டினத பாத்தீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். பார்க்கவில்லை. நல்ல சீட்டு இல்லாமல் அவர் ஒரு வில்லையைக்கூட நகர்த்தியதில்லை.

"நான் சரியா ஆடித் தோத்தேன். நீங்க தப்பா ஆடி ஜெயிச்சீங்க" என்றார் சாலையைப் பார்த்துக்கொண்டே. குரலில் கசப்பு இல்லை. "அங்க ரெண்டும் நடக்கும். ஆனா வீட்டுக்குப் போயி நல்லா ஆடினேன்னு மட்டும் சொல்லாதீங்க. சொன்னா நீங்களே நம்பிருவீங்க."

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"இல்லாம? வீட்டுக்குப் போயி ஒரு மணி நேரம் யார்கிட்டயும் பேச மாட்டேன். என் வீட்டுக்காரருக்குத் தெரியும், அவரும் பேச மாட்டாரு. அப்புறம் சமைக்கணும்." இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவாராம், ஒரு தொகையோடு. அது போனால் எழுந்துவிடுவாராம். "நாளைக்கு வருவீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன். கூடத்தை விட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்து, மறுநாள் காலை எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது வாடகை கொடுக்கப் பையில் கைவிட்டேன். "வேணாம். அதுல பாதி என் காசுதான், வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குமரேசனை ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனேன். மீன்தலைக் கறி, பெரியது. இறால். நண்டு. மண்சட்டியில் கொதித்துக்கொண்டு வந்த மீன்தலை, புளியும் வெண்டைக்காயுமாக, எங்கள் இருவரையும் வெறித்துப் பார்த்தது. கன்னத்துச் சதையை அவன் இலையில் வைத்தேன்.

"அண்ணே" என்றான் அவன். "விலையப் பாக்காம நீங்க ஆர்டர் பண்ணி நான் பாத்ததில்ல."

பொய் சொல்லத் தெரியாதவன் அல்ல நான். ஆனால் அதற்குள் எனக்குச் சொல்ல வேண்டும் என்ற ஆசை முட்டிக்கொண்டிருந்தது. சொன்னேன். எங்கே போனேன், எவ்வளவு வந்தது, ஜாக்கி எப்படி வந்தது, எல்லாம். விஜயா சொல்லாதீர்கள் என்றதையும் சொன்னேன். அவர் எதைச் சொல்லாதீர்கள் என்றாரோ அதையும் சொன்னேன்.

அவன் கையில் சோற்று உருண்டை அப்படியே நின்றது. கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கேட்டது வேறு.

"கடைசிச் சீட்டுலயா வந்துச்சு? ரிவர்லயா?"

"ஆமா."

"முன்னாடி என்ன இருந்துச்சு? ஒம்போது, அஞ்சு, ரெண்டா? ஒரே சின்னமா?" இலையின் ஓரத்தில் விரலால் ஐந்து கோடு இழுத்தான். "அந்த அக்கா முதல்லயே ஏத்தினாங்களா? எவ்வளவு? எந்தப் பக்கத்து மேச? உள்ள போனதும் இடது பக்கமா?" என் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த கேள்விக்குப் போனான். குரல் மாறியிருந்தது, முன்னால் சாய்ந்திருந்தான், கண் இரண்டும் பளபளத்தன. வந்து மூன்று நாளில் அவன் முகத்தில் இவ்வளவு உயிரை நான் பார்க்கவில்லை. மகளைப் பற்றிப் பேசியபோதுகூட.

தானாகவே நிறுத்தினான். கையை இலையிலிருந்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"பாத்தீங்களாண்ணே" என்றான். "நாலு மாசம் ஆச்சு. இன்னும் இப்படித்தான் இருக்கு."

நான் ஊரிலிருந்து கொண்டு வந்த அத்தனை வசவும் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எனக்கும் முதல் நாள் இப்படித்தான்" என்றான். "மூணு மணி நேரத்துல ஒரு மாசச் சம்பளம். நமக்கு இது வருது போலன்னு நெனச்சேன். அன்னைக்கு மட்டும் நான் தோத்திருந்தா, இந்நேரம் வீட்டுக்குத் தளம் போட்டு முடிச்சிருப்பேன்."

தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தான். "நாளைக்குப் போவீங்களா?"

"இல்லடா."

"நானும் அப்படித்தான் சொன்னேன்."

நான்காம் நாள் காத்தோங்கில் இருக்கும் செண்பக விநாயகர் கோயிலுக்குப் போவதாகத் திட்டம். என் மனைவி சொல்லி அனுப்பியது. பேருந்தில் மணியை அழுத்தினால்தான் நிறுத்துவார்கள் என்பது மறந்துபோய், நம்மூரைப் போல் நடத்துனர் குரல் கொடுப்பார் என்று உட்கார்ந்திருந்து, மூன்று நிறுத்தம் தாண்டி இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன். வழியெல்லாம் பச்சையும் இளஞ்சிவப்புமாக வண்ணம் பூசிய பழைய வீடுகள். ஒரு கடையில் லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடுல்ஸின் வாசனை மூக்கைத் துளைத்தது. சாமி கும்பிட்டுவிட்டுத்தான் என்று தாண்டிப் போனேன்.

சன்னதியில் கூட்டமில்லை. கண்ணை மூடினேன். வேண்டிக்கொள்ள வேண்டியவற்றை வரிசையாக நினைத்தேன். மாலதி, குழந்தை, தம்பியின் வீடு. அதற்கு நடுவே வேறொன்று தானாக ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தமுறை ஜாக்கி ஜோடி வந்தால் ஆரம்பத்திலேயே ஏற்றிவிட வேண்டும். அந்த ஆஸ்திரேலியர் இன்றும் வந்திருப்பாரா. குனிந்து திருநீறு எடுத்தபோது சட்டைப் பையில் ஏதோ நெஞ்சை அழுத்தியது. என் பாஸ்போர்ட். விடுதி அலமாரியில் பூட்டி வைத்திருந்ததைக் காலையில் நான்தான் எடுத்துப் பையில் போட்டிருக்கிறேன். கோயிலுக்குப் போக எதற்குப் பாஸ்போர்ட்.

பிரகாரத்தில் உட்கார்ந்தேன். என்னை நல்லவனாகவும் தம்பியைக் கெட்டவனாகவும் வைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். தவறாகத் தள்ளிய வில்லைகள் எனக்குச் சாதகமாயின. ஏஸ் இரண்டு முறை வந்தது. ஜாக்கி வந்தது. என்னை மேசையிலிருந்து எழுப்பியது புத்தி இல்லை, அவனுடைய ஃபோன். அவனை எழுப்ப அந்த மாதிரி யாரும் கூப்பிடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, எனக்கு ஊருக்குத் திரும்பும் தேதி இருந்தது. அவன் அந்தக் கூடத்திலிருந்து நாலு ரயில் நிலையத் தூரத்தில் எட்டு வருடமாக இருந்தான். அவனுக்கும் எனக்கும் நடுவே இருந்த வித்தியாசம் படிப்பு இல்லை, ஒழுக்கம் இல்லை.

கைப்பேசியை எடுத்து அவனைக் கூப்பிட்டேன். "பேர எழுதிக் குடுத்தேன்னு சொன்னியே, அது எந்த இடம்?"

"எங்கண்ணே இருக்கீங்க இப்ப?" என்றான்.

"கோயில்ல."

"அங்கயே இருங்க. நான் வர்றேன்."

மறுநாள் காலை அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னை, அவன் பெயர் கொடுத்திருந்த உதவி மையத்துக்கு அழைத்துப் போனான். சின்ன அலுவலகம், ஒரு மூலையில் மீன்தொட்டி. அங்கிருந்த அதிகாரி தமிழ்ப் பெண். பள்ளிக்கூடத்தில் படித்த செந்தமிழில் ஆரம்பித்து, பாதியில் பேச்சுத் தமிழுக்கு இறங்கிக்கொண்டார்.

"நீங்க இங்க வேலை பாக்குறீங்களா, சார்?"

"இல்ல. நாளைக்கு ஊருக்குப் போறேன்."

"எத்தன தடவ போயிருக்கீங்க?"

"ஒரு தடவ."

"எவ்வளவு தோத்தீங்க?"

"தோக்கல. ஜெயிச்சேன்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்புறம் ஏன் சார் இது? மறுபடி எப்ப வருவீங்கன்னே தெரியாதே."

குமரேசன் மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து சாமி கும்பிடுறப்பகூட அதையேதான் நெனச்சேன்" என்றேன்.

அவர் தலையை அசைத்தார். படிவத்தை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனா முனையால் காட்டினார்.

வெளியே வந்து ஒரு கோப்பிக்கடையில் உட்கார்ந்தோம். அந்தப் பணம் என் பையில்தான் இருந்தது. "ரெண்டு வாரம் லீவு கேளு. எங்கூட வா" என்றேன். "டிக்கெட்டுக்கு இது போதும்."

"அந்தக் காசுலயா?"

"அதுலதான். வேற எதுக்கும் அத வச்சுக்க எனக்கு மனசில்ல."

முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மாலதி மூஞ்சியில எப்படிண்ணே முழிப்பேன்."

"எனக்குத் தெரியாதுடா" என்றேன். ஆறு நாளில் நான் அவனுக்குச் சொன்ன அறிவுரை அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கிடைக்கவில்லை, பத்து நாள் கிடைத்தது. மறுநாள் விமானத்தில் அவன் எதுவும் சாப்பிடவில்லை. மேகத்தைப் பார்த்தபடி, "ஏர்போர்ட்டுக்கு அவ வருவாளா?" என்று இரண்டு முறை கேட்டான். சொல்லியிருக்கிறேன், வருவாளா என்று தெரியாது என்றேன்.

திருச்சியில் வெளியே வந்தபோது காலை பத்து மணி. மாலதி தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. பாப்பா அவனை நோக்கி ஓடிவந்து பாதி வழியில் கூச்சப்பட்டு நின்றுவிட்டாள். குமரேசன் பெட்டியைக் கீழே வைத்தான். ஏதாவது பேச்சை மாற்றுவான் என்றுதான் நினைத்தேன்.

"எல்லாத்தையும் தோத்துட்டேன், மாலதி" என்றான்.

"தெரியும்" என்றாள். குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "வாங்க. வண்டி வெயில்ல நிக்குது."